பி.காம். (வழி: செங்கல்பட்டு)

'டே ஸ்காலர்' என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவர் யாரோ தெரியாது. ஆனால் கொஞ்சம் குசும்பு பிடித்த ஆசாமியாகத்தான் இருக்க வேண்டும். தமிழில் சொல்லிப் பாருங்கள். 'பகல் அறிஞர்'! அதாவது, பொழுது சாய்ந்தால் அறிவு போய்விடும். அப்புறம் மறுநாள் காலையில் காலேஜ் மணி அடித்தால்தான் திரும்ப வரும்!

காலேஜில் சேர்ந்த புதிதில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, "ஹாஸ்டலா, டே ஸ்காலரா?" என்பதுதான். பெயரெல்லாம் அப்புறம். இந்த டே ஸ்காலர்களிலும் இரண்டு ரகம் உண்டு. காலேஜ் மணி அடிக்கிற சத்தம் கேட்ட பிறகு வீட்டிலிருந்து கிளம்பி, முதல் பீரியடுக்கு வந்து சேர்கிறவன் முதல் ரகம். மணி அடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதே கிளம்பி, இரண்டாவது பீரியடுக்கு வந்து சேர்கிறவன் இரண்டாவது ரகம்.

அடியேன் இரண்டாவது ரகம்.

மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. 2005-லிருந்து 2008 வரை சென்னையில் பி.காம். படித்தேன். ஹாஸ்டலில் சேர்க்க வீட்டில் வசதி இல்லை. "தெனம் போய்ட்டு வந்துடுடா. ட்ரெயின்தான் இருக்குதே, பாஸ்தான் இருக்குதே" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்பா சொன்ன அந்த ஒரு வரிக்கு உள்ளே இருந்ததைக் கேளுங்கள்:

காலை 6.10-க்கு எங்கள் ஊர் டவுன் பஸ். 6.30-க்கு மதுராந்தகம். அங்கிருந்து வேறு பஸ் பிடித்து 7.15-க்குச் செங்கல்பட்டு. மூச்சிரைக்க ஓடினால் 7.25 எலெக்ட்ரிக் ட்ரெயின். 8.50-க்கு நுங்கம்பாக்கம். அப்புறம் பொடிநடை. ஆக மொத்தம் மூன்று மணி நேரம். இது எல்லாம் ஒழுங்காக நடந்தால்! (மதுராந்தகத்திலிருந்தே பாசஞ்சர் ரயில் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் எங்கள் ஊர் பஸ்ஸுக்கும் அந்த ரயிலுக்கும் ஜாதகப் பொருத்தம் இல்லை!)

ஒரு நாள் வகுப்புக்குள் லேட்டாக நுழைந்தபோது லெக்சரர் கேட்டார்: "எங்கேருந்துப்பா வர்றே?"

"மதுராந்தகம் பக்கம் ஸார்."

"அப்ப நேத்தே கிளம்பியிருக்கலாமே!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். என்ன செய்வது? அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. நேற்று வீடு போய்ச் சேர்ந்ததே ராத்திரி ஏழு மணிக்குத்தான்.

காமர்ஸ் படித்தவனுக்கு எதையும் பேரேட்டில் ஏற்றிப் பார்த்தால்தான் தூக்கம் வரும். ஒரு நாள் ரயிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு 180 வேலை நாள். தினம் ஐந்து மணி நேரம் வகுப்பு. மூன்று வருஷத்துக்கு 2,700 மணி நேரம். சரி. பயணம்? போக மூன்று, வர மூன்று, தினம் ஆறு மணி நேரம். மூன்று வருஷத்துக்கு 3,240 மணி நேரம். ராத்திரி, பகல் எல்லாம் சேர்த்து முழுசாக 135 நாள்!

தூரத்தையும் பார்த்துவிடுவோம் என்று பென்சிலைத் தீட்டினேன். ஒரு வழிக்கு 85 கிலோமீட்டர். போக வர 170. மூன்று வருஷத்துக்கு 91,800 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே 40,000 கிலோமீட்டர் சொச்சம்தான். நான் பி.காம். வாங்குவதற்குள் பூமியை இரண்டு சுற்று சுற்றி, மூன்றாவது சுற்றில் கால்வாசி தாண்டியிருக்கிறேன். வாஸ்கோட காமா எல்லாம் எந்த மூலைக்கு!

ஆகவே உண்மையைச் சொன்னால், நான் படித்தது பி.காம். அல்ல. மெயின் சப்ஜெக்ட் பயணம், துணைப்பாடம் காமர்ஸ்.

அதற்காக ரயிலைக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 1931-லேயே மின்சார ரயில் விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து எத்தனை லட்சம் பேரைப் படிக்க வைத்திருக்கிறது அந்தப் பாதை! செங்கல்பட்டில் ஏறுகிறவனுக்கு ஒரே ஒரு ராஜயோகம் உண்டு. வண்டி அங்கேதான் புறப்படும் என்பதால் ஸீட் கிடைக்கும். சிங்கப்பெருமாள் கோவிலில் பக்கத்தில் ஆள் வரும். கூடுவாஞ்சேரியில் மடியில் பை வரும். தாம்பரத்தில், 'நம்ம கை எது, அடுத்தவர் கை எது' என்ற சந்தேகம் வரும்.

அந்த ரயிலில் எனக்கு ஒரு வாத்தியார் கிடைத்தார். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கணக்கர். ரிட்டையராக இரண்டு வருஷம் இருந்தது. நான் புத்தகத்தை விரித்துக்கொண்டு விழிப்பதைப் பார்த்து, ஒரு நாள் தானாகவே கேட்டார்.

"இன்னா தம்பி, ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆவலயா? எவ்ளோ இடிக்குது?"

"தொண்ணூறு ரூபா ஸார்."

"ஒம்போதால வகுபடுதா? அப்ப எங்கியோ நம்பர மாத்தி எழுதியிருக்குறே. பாரு."

பார்த்தேன். 450 என்று எழுத வேண்டிய இடத்தில் 540! வகுப்பில் ஒரு மாசமாகப் புரியாதது பரனூருக்கும் பொத்தேரிக்கும் நடுவே புரிந்துவிட்டது. அதற்கப்புறம் தினமும் எனக்கு ஒரு ஸீட் பிடித்து, கர்ச்சீப் போட்டு வைப்பார். காஸ்ட் அக்கவுண்டிங் முழுக்க அவர் தயவு. கொய்யாப்பழம் விற்கும் அம்மாவிடம், "கூடை என்ன விலைக்கு எடுத்தீங்க, அழுகினது எத்தனை?" என்று கேட்டுக் கேட்டே, அடக்க விலை, சேதாரம், லாபம் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். அந்த அம்மா கடைசியில், "ஏம்ப்பா, நீங்க ரெண்டு பேரும் இன்கம்டாக்ஸா?" என்று கேட்டதுதான் மிச்சம்!

இது வரவுப் பக்கம். பற்றுப் பக்கத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊருக்கு மதுராந்தகத்திலிருந்து கடைசி பஸ் மாலை 6.30-க்கு. அதை விட்டால் எட்டு கிலோமீட்டர் நடை. அல்லது யாராவது பால் வண்டிக்காரரின் கருணை. அந்த 6.30-லிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே வாருங்கள். செங்கல்பட்டில் 5.30-க்கு பஸ் ஏற வேண்டும். அதற்கு நுங்கம்பாக்கத்தில் 3.55 ரயிலைப் பிடிக்க வேண்டும். அதற்கு 3.30 மணி அடித்ததும் காலேஜ் கேட்டைத் தாண்ட வேண்டும். எங்கேயோ மதுராந்தகம் டெப்போவில் யாரோ போட்ட டைம் டேபிள், சென்னையில் உட்கார்ந்திருக்கிற என்னை 3.30-க்குக் கயிறு கட்டி இழுக்கிறது!

இதில் என்ன நஷ்டம் என்கிறீர்களா? ஒரு காலேஜில் 3.30-க்கு மேல்தான் எல்லாமே நடக்கிறது, ஸார்! நாடக ரிகர்சல் நாலு மணிக்கு. கிரிக்கெட் பிராக்டீஸ் நாலு மணிக்கு. பெரிய மனிதர்கள் வந்து பேசுவது நாலு மணிக்கு. வேலைக்கான இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்ததும் நாலு மணிக்கு. சி.ஏ. கோச்சிங் ஐந்தரைக்கு. லைப்ரரியில் சாவகாசமாகப் புத்தகம் புரட்டுவது, புரொபஸரோடு மரத்தடியில் நின்று சந்தேகம் கேட்பது, கேன்டீனில் ஒரு டீயை நாலாகப் பிரித்துக் குடித்துக்கொண்டு உலகத்தைத் திருத்துவது... எல்லாமே மணி அடித்த பிறகுதான்.

ஹாஸ்டல் பையன்கள் இங்கிலீஷ் சரளமாகப் பேசினார்கள். மேடையில் கூச்சமில்லாமல் ஏறினார்கள். எந்தக் கம்பெனிக்கு எப்போது அப்ளிகேஷன் போட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என்னைவிட அவர்கள் அறிவாளிகள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புரிந்தது. அவர்களுக்கு ஒரு நாளைக்கு என்னைவிட ஆறு மணி நேரம் அதிகம். அவ்வளவுதான் வித்தியாசம். ஃபீஸ் ஒன்று, ஸிலபஸ் ஒன்று, பரீட்சை ஒன்று. 75 சதவீத அட்டெண்டன்ஸ் இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்ற விதியும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆனால் அவனுக்குக் கிடைத்தது காலேஜ். எனக்குக் கிடைத்தது டிகிரி.

இன்னொரு சமாசாரத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சென்னையில் 'ரூட்டு தல' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே பஸ் ரூட்டில் வரும் மாணவர்கள் ஒரு கோஷ்டி. அதற்கு ஒரு தலைவர். பஸ்ஸுக்கு மாலை போட்டு, கூரை மேல் ஏறி ஆடும் 'பஸ் டே'. 2019 ஜூனில் அப்படி ஆடும்போது பஸ் பிரேக் போட, மேலே இருந்தவர்கள் பொத்து பொத்தென்று நடுரோட்டில் விழுந்ததை டி.வி.யில் நாடே பார்த்தது. ரூட்டுக்கு ரூட்டு அடிதடி, அரிவாள், போலீஸ் கேஸ் என்றும் போயிருக்கிறது. அதற்கெல்லாம் வக்காலத்து வாங்க நான் தயாராக இல்லை. வெட்டு வெட்டுத்தான், குற்றம் குற்றம்தான்.

ஆனாலும் ஒன்று யோசித்துப் பார்க்கிறேன். மணி அடித்ததும் கிளம்பியாக வேண்டிய பையன், காலேஜுக்குள் எங்கேயும் ஒரு ஆளாக ஆக முடியாது. டீமில் இல்லை, நாடகத்தில் இல்லை, மன்றத்தில் இல்லை. அவன் பெயர் தெரிந்த ஒரே இடம் அந்த பஸ்தான். அங்கே அவன் பாட்டுப் பாடினால் கேட்க நாற்பது பேர் இருக்கிறார்கள். தாளம் போட ஜன்னல் தகரம் இருக்கிறது. ஹாஸ்டல்காரனுக்கு மேடை கிடைக்கிறது. இவனுக்கு ஃபுட்போர்டு கிடைக்கிறது.

ஃபுட்போர்டு என்றதும் வேடிக்கை போய்விடுகிறது. 2018 ஜூலையில் ஒரு நாள், மேலே மின்கம்பி அறுந்ததால் லோக்கல் வண்டிகளை எக்ஸ்பிரஸ் பாதையில் திருப்பி விட்டார்கள். வண்டி கொள்ளாத கூட்டம். பரங்கிமலை ஸ்டேஷனில் அந்தப் பாதையை ஒட்டினாற்போல ஒரு சுவர். படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் அதில் மோதி விழுந்து உயிரை விட்டார்கள். எல்லோரும் வாலிபப் பிள்ளைகள். நான் தினமும் போய் வந்த அதே தடம். ரயிலின் படியில் பயணம் செய்தால் மூன்று மாசம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் என்று சட்டமே இருக்கிறது. தொங்குகிறவர்களில் திமிருக்குத் தொங்குகிறவன் உண்டு. ஆனால் முதல் பீரியட் அட்டெண்டன்ஸுக்காகத் தொங்குகிறவனும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

நானாவது ஆண்பிள்ளை. கடைசி பஸ் போனால் எட்டு கிலோமீட்டர் நடந்தேன். என் பெரியம்மா மகள் கதையைக் கேளுங்கள். என் வயசுதான். ப்ளஸ் டூவில் கெமிஸ்ட்ரியில் என்னைவிட நாற்பது மார்க் அதிகம். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்கு ஸீட்டும் கிடைத்தது. பெரியப்பா காலேஜ் பெயரையும் கேட்கவில்லை, ஃபீஸ் எவ்வளவு என்றும் கேட்கவில்லை. அவர் கேட்டது இரண்டே கேள்வி.

"எத்தினி பஸ்ஸு மாறணும்?"

"ரெண்டு."

"லேப்பு எத்தினி மணிக்கு முடியும்?"

"நாலரைக்கு."

"அதுக்கு மேல நீ கெளம்பி, இருட்டுல வந்து எறங்கி, தோப்பு வழியா நடந்து... வாணாம்மா."

முடிந்தது. லேப் இல்லாத கோர்ஸ் எது என்று பார்த்தார்கள். பி.ஏ. ஹிஸ்டரி. ஒன்றரை மணிக்கே விட்டுவிடுவார்கள். அவளும் படித்தாள். நன்றாகவே பாஸ் செய்தாள். பெரியப்பா கெட்டவரில்லை. பெண்ணைப் படிக்க வைக்க வேண்டும் என்று ஊரோடு சண்டை போட்டவர். தோப்பு வழியில் ஒரு விளக்கும், ஏழரைக்கு ஒரு பஸ்ஸும் இருந்திருந்தால், அவரே அவளைக் கெமிஸ்ட்ரியில் சேர்த்திருப்பார். எந்த மனுஷனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் டைம் டேபிள் சொல்லிவிட்டது.

இப்போது காலம் மாறித்தான் இருக்கிறது. 2021 மே மாசம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தார்கள். கையில் காசில்லாமல் ஒரு பெண் காலேஜுக்குப் போகலாம் என்பது சின்ன விஷயமில்லை. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கப் போகும் பெண்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் என்று 2022 செப்டம்பரில் 'புதுமைப்பெண்' திட்டம் வந்தது. இரண்டையும் மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் டிக்கெட் இலவசமாக இருந்தாலும் பஸ் வந்தால்தானே ஏற முடியும்? காசு ஒரு கதவு. நேரம் இன்னொரு கதவு. முதல் கதவைத் திறந்துவிட்டார்கள். இரண்டாவது கதவு இன்னும் 6.30-க்குச் சாத்திக்கொள்கிற ஊர்கள் இருக்கின்றன.

இந்த இடத்தில் எங்கள் ஊர் பஸ் கண்டக்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரிய மீசை. சில்லறை இல்லையென்றால் சீறுவார். ஆனால் சாயங்காலம் 6.30 ஆனதும் விசில் ஊத மாட்டார். ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, செங்கல்பட்டு பஸ் வந்து நிற்கும் மூலையையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே இருந்து யாராவது, "இன்னாண்ணே, வண்டி எடுக்கலாமில்ல?" என்றால், "இருய்யா. காலேஜ் புள்ளைங்க ரெண்டு வரணும்" என்பார். நாங்கள் ஓடி வருவது தெரிந்ததும் விசில். இரண்டு நிமிஷம், சில நாள் மூன்று நிமிஷம். எந்த விதியிலும் அந்த நிமிஷங்களுக்கு இடம் கிடையாது. என் டிகிரியில் அவருக்கு ஒரு பங்கு உண்டு.

ஒரு கண்டக்டர் செய்ததை ஒரு காலேஜ் செய்ய முடியாதா? கோடி கோடியாகச் செலவு செய்யச் சொல்லவில்லை. நாலு மணிக்கு வைக்கிற கூட்டத்தை மாசத்தில் இரண்டு தடவையாவது மதியம் வையுங்கள். லைப்ரரியைக் காலையில் ஒரு மணி நேரம் முன்னால் திறந்து வையுங்கள். தூரத்து ரயிலைப் பிடித்து முன்னாலேயே வந்து கேட் வாசலில் நிற்கிற பிள்ளைகள் உள்ளே போய்ப் படிக்கட்டும். டைம் டேபிள் போடும்போது லேப் வகுப்பைக் காலையில் போட முடியுமா என்று பாருங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பிரின்ஸிபால், பக்கத்து பஸ் டெப்போ மேனேஜரோடு உட்கார்ந்து ஒரு காபி சாப்பிடட்டும். காலேஜ் விடுகிற நேரமும் பஸ் எடுக்கிற நேரமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளட்டும். காபிச் செலவை வேண்டுமானால் நான் ஏற்றுக்கொள்கிறேன்!

ஒவ்வொரு வருஷமும் அட்மிஷன் சமயத்தில் சொந்தக்காரர்கள் எனக்குப் போன் செய்வார்கள். பையன் என்ன கோர்ஸ் எடுக்கலாம், எந்தக் காலேஜ் நல்ல காலேஜ் என்று கேட்பார்கள். நானும் தெரிந்ததைச் சொல்வேன். என் பெரியம்மா மகள் மட்டும் அதெல்லாம் கேட்க மாட்டாள். அவள் பெண் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். கெமிஸ்ட்ரி என்றால் உயிர். அட்மிஷனுக்கு இன்னும் முழுசாக மூன்று வருஷம் இருக்கிறது. அதற்குள் போன வாரம் போன் செய்து அவள் கேட்டது இதைத்தான்:

"ஏன்டா, நம்ம ஊருக்குக் கடைசி பஸ்ஸ எட்டு மணிக்கு மாத்தச் சொல்லி யாருக்கு மனு எழுதணும்?"

எழுதிக் கொடுத்திருக்கிறேன். கட்டுரையைவிட அது நன்றாகவே வந்திருக்கிறது. ஊரில் நூறு பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டாளாம். முதல் கையெழுத்து பெரியப்பாவுடையது.